ஓடைக்கு இந்தப் பக்கம்

என்னோடு படித்தவர்களே, என் வயதை ஒட்டி நரைத்துக்கொண்டிருப்பவர்களே, உங்கள் அப்பாக்கள் எல்லாரும் ஏதாவது ஓர் ஊரில் இருந்தார்கள். சிலர் பம்பாயில், சிலர் துபாயில், பலர் பக்கத்து அறையில். என் அப்பா ஓர் எண்ணில் இருந்தார்.

விலாசத்தில் அவர் பெயர், பெயருக்கு முன்னால் கேப்டன், அதற்குக் கீழே படைப்பிரிவு, அதற்கும் கீழே ராணுவத் தபாலாபீசின் எண். அவ்வளவுதான். தெரு கிடையாது, ஊர் கிடையாது, நாடுகூடக் கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவில் சண்டை. அமைதிப்படை என்று பெயர் வைத்து நம் ராணுவத்தை அங்கே அனுப்பியிருந்தார்கள். அப்பாவும் போயிருந்தார். தீவின் எந்த மூலையில் என்று கடிதத்தில் எழுதக் கூடாது. அதனால் அம்மா அந்த எண்ணையே ஊராக்கிக்கொண்டாள். அங்கே மழையாம், அங்கே தேங்காய் மலிவாம் என்று பெரியம்மாவிடம் சொல்லும்போது, அரியலூரில் மழை என்பதுபோல, எண்ணைச் சொல்லி மழை என்பாள்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. விக்கிரமங்கலத்துக்குக் கிழக்கே, செம்மண்ணும் முந்திரியுமாக ஓர் ஊர். அதில் கடைசித் தெரு எங்களுடையது. பெரிய தெருக்காரர்களின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நின்ற குடும்பம். அப்பா பெரம்பலூரில் நடந்த ஆளெடுப்பில் சிப்பாயாகச் சேர்ந்தார். மண்ணெண்ணெய் விளக்கில் அல்ல, ஏதோ ஒரு பனிமலையின் கூடாரத்தில் உட்கார்ந்து பரீட்சை மேல் பரீட்சை எழுதி ஆபீசரானார். தோளில் நட்சத்திரம் ஏறியது. இங்கே ஊரில் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் பெரியப்பாமேல் விழுந்தது.

பெரியப்பா அப்பாவுக்கு ஒரே அண்ணன். பெரிய தெருவில் ஒரு நிலக்காரர் இருந்தார். அவர் வீட்டுக்குப் பெரியப்பா போனால் முன்பெல்லாம் வாசலோடு பேச்சு. அப்பா கேப்டனான பிறகு, "வாப்பா கேப்டன் அண்ணே" என்று சிரித்து, ஒரு நாற்காலி போடச் சொன்னார். மடக்கு நாற்காலி, இரும்பு, பச்சைப் பெயின்ட். பெரியப்பா அதன் விளிம்பில்தான் உட்கார்ந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்தப் பச்சை நிறத்தைப்பற்றி எங்களிடம் அவர் பேசாத வாரம் இல்லை.

பெரியப்பா, பெரியம்மா, அம்மா, நான். நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அம்மா பெரியப்பாவின் முகம் பார்த்துப் பேச மாட்டாள். புருஷனின் அண்ணனோடு தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் தெருவில் சட்டம். அவர் உள்ளே வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். பேச்சு என்மேல் ஏறி அந்தப் பக்கம் போகும்.

"பாப்பா, பெரியப்பாவ சோறு திங்க வரச் சொல்லு."

பெரியப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்.

"பாப்பா, கொழம்புல உப்பு இல்லன்னு உங்கம்மாட்ட சொல்லு."

"போட்டாச்சு. கலக்கிக்கச் சொல்லு பாப்பா."

பெரியம்மாவுக்குத் தாங்காது. "ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தப் புள்ள என்னா தபால்காரனா? மாசம் பொறந்தா சம்பளம் போட்டுக் குடுங்க" என்பாள்.

அந்த வீட்டின் முதல் தொலைபேசி நான்தான்.

*

கடிதம் வந்தால் அம்மா உடனே பிரிக்க மாட்டாள். அரிசிப் பானைமேல் வைத்துவிட்டு வேலையெல்லாம் முடித்து, கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு எடுப்பாள். சில வரிகளின்மேல் யாரோ கறுப்பு மை பூசியிருப்பார்கள். அம்மா தாளை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். மைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள், புண்ணைத் தடவுவதுபோல.

அவள் பதில் எப்போதும் ஒன்றுதான். இங்கு அனைவரும் நலம், பாப்பா நன்றாகப் படிக்கிறது, மாடு ஈன்றது, நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். தூரத்தில் இருக்கிறவனுக்குத் துக்கம் எழுதக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அனைவரும் நலம் என்று எழுதினாள். எழுத்து மட்டும் வரி விட்டு வழுக்கியிருந்தது.

எழுதாமல் விட்டவை நிறைய. டீக்கடைச் சுவரில் தாரால் எழுதியிருந்தார்கள், தமிழனைக் கொல்லும் தமிழனே என்று. கீழே பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை, எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்தப் படையில் இருந்த ஆபீசர் ஒருவர்தான். அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிற வழியில் பெஞ்சிலிருந்து குரல் வரும்.

"என்னாம்மா கேப்டன் சம்சாரம், அங்க நம்ம பாஷ பேசுற சனத்தையே சுடுறாங்களாமே. வூட்டுக்காரரு கணக்கு அனுப்புறாரா?"

"அனுப்புனவன டில்லியில போயிக் கேளுய்யா. டீக்குப் பாக்கி வெச்சிருக்கிற, அதக் குடுத்துட்டுப் போயிக் கேளு."

பெஞ்சில் சிரிப்பு. அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டே நடப்பாள். வேலிப்படல் மறைத்த பிறகுதான் என் கையை இறுக்குவாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது டீக்கடைக்காரர்கள்மேல் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெஞ்சில் இருந்தவர்களின் துக்கமும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருத்தி அவள் பேசுகிற வார்த்தைகளிலேயே அழுதுகொண்டிருந்தாள்.

அப்பா ஒருமுறை எழுதினார். அந்த வரிகளை யாரும் மை பூசி மறைக்கவில்லை. வீடு வீடாகச் சோதனை போடும்போது கிழவிகள் மண்ணை வாரித் தூற்றிச் சபிக்கிறார்கள். கூட வருகிற ஆபீசர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்குப் புரிகிறது. நாசமாப் போவ என்பதை நம் ஊர்க் கிழவி மாதிரியே இழுத்துச் சொல்கிறார்கள். புரியாமல் இருந்தால் தூங்கிவிடலாம்.

அம்மா அதைப் படித்துவிட்டு அன்று ரேடியோ போடவில்லை. மற்ற நாளில் எல்லாம் போடுவாள். முள்ளைத் திருகித் திருகி, கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலியைப் பிடிப்பாள். பாட்டுகளுக்கு நடுவே ஒருவர் வெல்லம் கரைகிற குரலில் மணி சொல்வார். "பாத்தியா, அங்கயும் இதே மணிதான்" என்பாள் அம்மா. அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவே மிச்சம் இருந்தது அந்த ஒற்றுமை மட்டும்தான், கடிகார முள். அந்த ரேடியோவின் தோல் உறை, பித்தளைப் பொத்தான், பேட்டரி மாற்றும்போது வருகிற துரு மணம், எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

பங்குனியில் திருமழபாடிக்குப் போனோம், நந்தி கல்யாணத்துக்கு. கூட்டத்தில் அம்மா சாமியைச் சரியாகப் பார்க்கவில்லை. கொள்ளிடக் கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் பெரம்பலூர்ப் பக்கம் பாடாலூரில் பிறந்தவள். மெட்ராஸ் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவள். கடலைப் பார்த்ததே இல்லை.

"இந்தத் தண்ணி கடலுக்குத்தானே போவுது?"

"ஆமாம்மா. பொஸ்தகத்துல இருக்கு."

வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி விட்டாள். பங்குனி மாசத்துக் கொள்ளிடம், நீங்களே அறிவீர்கள். மணல்தான் ஆறு. மணலுக்கு நடுவே கணுக்கால் நனைகிற அளவு ஒரு கோடு. வெற்றிலை கொஞ்சம் தள்ளாடிப் போய், ஒரு மணல் திட்டில் முட்டி, அங்கேயே நின்று எரிந்தது. அம்மா இறங்கித் தள்ளிவிட்டாள். மறுபடி நின்றது. மறுபடி தள்ளினாள். கற்பூரம் தீர்ந்த பிறகும் அந்தக் கரிந்த இலையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள், புடவை முழங்கால்வரை நனைய.

*

சித்திரை பிறந்ததும் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். வேண்டுதல் வைத்தவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். கட்டினால், திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்றவர்கள் போய் வரலாம், இரவு மட்டும் வெளியே தங்கக் கூடாது. ஆனால் கயிறு கட்டிய கைக்கு எல்லை எல்லைதான். எங்களுக்கு மேற்கு எல்லை ஓடை. ஓடைமேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் பஸ் நிற்கும்.

அம்மா அப்பா பெயரைச் சொல்லித் தீச்சட்டி வேண்டியிருந்தாள். அவர் உயிர் தப்பி வர வேண்டும், அதுதான் வேண்டுதல். பூசாரி அவள் கையில் கயிறு கட்டினார்.

மறுநாள் கடிதம் வந்தது. வழியில் எங்கெங்கோ கிடந்து, மூலை மடங்கி, வழக்கத்தைவிடத் தாமதமாக.

அப்பாவுக்கு அவருடைய மேலதிகாரி இரண்டு வழி காட்டியிருந்தார். கேட்டால் உள்நாட்டில் ஒரு பயிற்சி முகாமுக்கு உடனே மாற்றல். கேட்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் தீவிலேயே. மேஜர் பதவி வரும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். எல்லாரும் என்னைப் போ போ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், நீ ஒருத்தி வா என்று சொன்னால் வந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் சிக்னல் பிரிவு நண்பர் மூலமாக அரியலூர் தபாலாபீசுக்கு உன் பெயருக்கு டிரங்க் கால் போடுகிறேன். உன் வாயால் கேட்க வேண்டும்.

கடிதம் வந்தது புதன்கிழமை. பதில் எழுதினால் போய்ச் சேராது. தந்தியும் அந்த எண்ணைத் தேடிக்கொண்டு எப்போது போகுமோ யார் கண்டது.

அம்மா அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு பூசாரியிடம் போனாள். அவர் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னையா, ஒரு காலப்பொழுது மட்டும் அவுத்துட்டு, வந்து திரும்பக் கட்டிக்கலாமா?"

"இதென்னா தாயி, வளையலா?"

"அவருகிட்ட ஒரு வார்த்த பேசணும். அரியலூர் வரைக்குந்தான்."

பூசாரி தோரணத்தைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "கட்டுனது அவரு உசுருக்கு. அவுத்தாலும் அவரு பேருலதான் அவுத்ததாவும். அந்தப் பாவத்த என் கையால செய்யச் சொல்லாத. நீயே தாண்டிப் போறதுன்னா போ. நான் பாக்கல, நான் கேக்கல."

"ஆத்தா பாத்துக்கிட்டிருப்பாளே."

"அதான் தாயி."

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கொதித்தாள். "போடி. தாண்டிப் போ. ஆத்தாளும் பொம்பளதானே, புருசன்கிட்ட பேசப் போனான்னா கோவிச்சுக்குவாளா? கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன் அவகிட்ட."

"அங்க குண்டு பறக்குதுக்கா. இங்க நான் கயித்த அறுத்துட்டு நின்னா..."

வியாழன் முழுதும் அம்மா சமைத்ததில் எதிலும் உப்பு சரியாக இல்லை. பெரியப்பா கலக்கிக் கலக்கிச் சாப்பிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துப் பட்டுப் புடவை கட்டினாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். மூன்று பேரும் நடந்தோம், பெரியப்பா முன்னால், நாங்கள் பின்னால். பாலம் வந்தது. பெரியப்பா கடந்து போய்ப் புளியமரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அம்மா பாலத்தின் தொடக்கத்தில் நின்றாள். ஓடையில் தண்ணீர் இல்லை. நரிப்பயறுக் கொடியும், யாரோ எறிந்த உடைந்த பானையும் கிடந்தன. ஒரு குழந்தைகூட ஒரே ஓட்டத்தில் தாண்டிவிடுகிற அகலம்.

பஸ் வரும் புழுதி தெரிந்தது. அம்மா ஒரு காலைத் தூக்கினாள். அந்தக் கால் கொலுசோடு காற்றில் நின்றது. காப்பு கட்டிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு தூக்கிய காலை, தூக்கிய இடத்திலேயே வைத்தாள்.

"பாப்பா." குரலை ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி உயர்த்தினாள். "பெரியப்பாட்ட சொல்லு. 'வந்துடச் சொன்னா'ன்னு அவருகிட்ட சொல்லச் சொல்லு. வேற ஒன்னும் வேணாம். நல்லாருக்கோம், மாடு, மழ, ஒன்னும் வேணாம். வந்துடச் சொன்னா. அவ்ளோதான்."

பெரியப்பா திரும்பாமலே தொண்டையைச் செருமினார். "சரின்னு சொல்லு பாப்பா."

நான் ஒரு பக்கமும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

பஸ்ஸில் பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளைப் புழுதி அவர் புருவத்தில் படிந்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"பாப்பா, ஒரு காரியமாப் போறவன முதுகுக்குப் பின்னாடி கூப்புடலாமா?"

"கூப்புடக் கூடாது."

"கூப்புட்டா?"

"போற காரியம் வெளங்காது."

நம் எல்லாருக்கும் பல் முளைக்கும் முன்பே சொல்லித் தரப்பட்ட பதில் அது. நீங்களும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். பெரியப்பா தலையாட்டினார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "மேசராம். நம்ம தெருவுல ஒரு மேசர்."

தபாலாபீசில் அரக்கும் பசையும் கலந்த மணம். மூலையில் கண்ணாடிக் கூண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள், கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவரின் வாய் மட்டும் அசையும், மீன்தொட்டி மாதிரி. நெடுநேரம் காத்திருந்தோம். மணி அடித்ததும் கவுன்ட்டரில் இருந்தவர் அம்மாவின் பெயரைக் கூவினார்.

"அவங்க வரலீங்க. நான் அண்ணன்."

"அந்தம்மா பேருக்குத்தான்யா கால். ஆளு இல்லன்னா இல்லன்னு சொல்லணும்."

"சார், பட்டாளத்துலேருந்து பேசுறான் சார். தம்பி."

அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, போய்யா போ என்று கையைக் காட்டினார்.

பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விறைப்பாக நின்றிருந்தார், அவரே பட்டாளத்தில் இருப்பதுபோல. வாய் அசைந்தது, நின்றது, அசைந்தது. ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து என்னை இழுத்து ரிசீவரைக் காதில் வைத்தார்.

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். இரைச்சல். எங்கோ ஒருவர் இந்தியில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாப்பா? அம்மா எங்கடா?"

"அம்மா காப்பு கட்டியிருக்குப்பா. ஓடைகிட்ட நிக்கிது."

"எனக்கா கட்டியிருக்கா?"

"ம். தீச்சட்டி."

"கை சுட்டுக்கப்போறா. வேப்பல நெறைய வெச்சுக்கச் சொல்லு." பிறகு, கொஞ்சம் தள்ளிப்போன குரலில்: "அம்மா சொன்னபடியே செஞ்சிடுறேன்னு சொல்லு, பாப்பா. சொல்லிடு."

அவ்வளவுதான். கூண்டுக்குள் பெரியப்பாவின் வியர்வை மணம் இருந்தது.

நாங்கள் திரும்பியபோது உச்சிவெயில். அம்மா அதே இடத்தில் நின்றிருந்தாள். பட்டுப் புடவையின் முதுகு நனைந்து கறுத்திருந்தது. பஸ்ஸிலிருந்து குதித்துப் பாலத்தின்மேல் ஓடினேன்.

"நீ சொன்னபடியே செஞ்சிடுறேன்னு சொல்லிச்சும்மா அப்பா!"

"அவரே சொன்னாரா? அவரு வாயால?"

"எங்கிட்டயே சொல்லிச்சு."

அம்மா என்னைத் தூக்கினாள். ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் தூக்க மாட்டார்கள். எங்களுக்குப் பின்னால் பெரியப்பா பாலத்தைக் கடந்து, எங்களைப் பார்க்காமல், வேகமாக வீட்டுப் பக்கம் நடந்தார்.

*

அந்த வெயில்காலத்தில் அம்மா சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தீச்சட்டி எடுத்தாள், கை சுடவில்லை. பூசாரி கயிறு அவிழ்த்ததும் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்தாள், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று. அவருடைய கட்டிலின் கயிற்றை அவிழ்த்துப் புதிதாகப் பின்னச் சொன்னாள். டீக்கடைப் பெஞ்சிலிருந்து குரல் வந்தால் நின்று பதில் சொன்னாள். "மாத்தலாயி வராரு. வந்ததும் நேருலயே கேட்டுக்க, எத்தினின்னு."

பெரியப்பா வீட்டில் இருப்பதைக் குறைத்துக்கொண்டார். அம்மா வெள்ளையடித்த சுவரில் அவர் சாயவே இல்லை.

ஒரு கடிதம் வந்தது. வெயில், வியர்க்குரு, பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும். மாற்றலைப்பற்றி ஒரு சொல் இல்லை. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு எழுது என்றாள் பெரியம்மா. வருகிறவரை அவசரப்படுத்தக் கூடாது என்றாள் அம்மா. இங்கு அனைவரும் நலம் என்று எழுதிப் போட்டாள்.

பலா பழுத்து மணந்த நாட்களில் ஜீப் வந்தது. உடல் வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டியும் துணி கட்டிய ஒரு கலயமும் வந்தன. ரோட்டில் புதைத்து வைத்த வெடி என்றார்கள். பெட்டிக்குள் மடித்த சட்டைகளுக்குக் கீழே அம்மாவின் கடிதங்கள் கட்டாக இருந்தன, அத்தனை நலமும்.

பெரிய தெரு நிலக்காரர் எங்கள் தெருவுக்குள் முதல் தடவையாக வந்தார். துக்கம் கேட்க நல்ல மனசோடுதான் வந்தார். உட்கார வைத்தார்கள். பெரியப்பா அழுது வீங்கிய முகத்தோடு அவர் எதிரே நின்றார்.

"கடைசியா எங்கிட்டத்தாங்க பேசுனான். 'அவ என்னாண்ணே சொல்றா'ன்னு கேட்டான். 'ஒம் பொண்டாட்டி தைரியமானவடா. இருந்து முடிச்சுட்டு மேசராத்தான் வரணுமுன்னு சொல்றா'ன்னேன். நிம்மதியாத்தாங்க இருந்திருப்பான்."

"வேற என்னப்பா சொல்ல முடியும்? பட்டாளத்துல இருக்கிறவன வாடான்னா கூப்புட முடியும்?" என்றார் நிலக்காரர்.

உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அம்மா அவர்கள் நடுவிலிருந்து எழுந்து வந்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, பெரியப்பாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நான் தேவைப்படவில்லை.

"அதுக்கு அவரு என்னா சொன்னாரு மாமா?"

பெரியப்பா தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க மாமா."

"'அவளா சொன்னா?'ன்னு கேட்டான்."

"நீங்க?"

"ஆமான்னேன்."

அம்மா தலையை ஆட்டினாள், விலை கேட்டுவிட்டுக் கடையை விட்டு நகர்கிறவள்போல. உள்ளே போய் உட்கார்ந்தாள். பெண்கள் மறுபடி தொடங்கினார்கள். அவள் சேர்ந்துகொள்ளவில்லை.

*

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதே வீட்டில், அதே அடுப்பில், பெரியப்பா சாகிறவரை அம்மா அவருக்குச் சோறு போட்டாள். ஒன்றே ஒன்று மாறியது. நடுவில் நான் இல்லை. "சாப்புட வாங்க", "உப்பு போதுமா" என்று நேராகவே கேட்டாள், முகத்தைப் பார்த்து. ஊர் வாயில் கை வைத்தது. பெரியப்பா ஒரு நாளும் நிமிர்ந்து சாப்பிட்டதில்லை. கெட்டவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தம்பி படத்துக்குத் தினமும் அவர்தான் பூ வைத்தார். தன் குடும்பத்துக்கு யாரும் தராத ஒன்றைக் கொஞ்ச காலம் கையில் வைத்திருந்தார். அதைக் கீழே போடப் பயந்தார். அவ்வளவுதானோ என்னவோ.

இப்போது அம்மா பெரம்பலூரில் என்னோடு இருக்கிறாள். கண் பழுது. ரேடியோ, டிவி ஒன்றும் கேட்பதில்லை. போன வருஷம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம், இத்தனை காலம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அம்மா, அன்னிக்கு ஓடையத் தாண்டியிருந்தா?"

கீரை உருவுவதை அவள் நிறுத்தவில்லை.

"தாண்டி, அதுக்கப்பறம் அவரு செத்திருந்தா, நான் கொன்னதா ஆயிருக்கும். தாண்டல. உங்க பெரியப்பா கொன்னதா நீ நெனைக்கிற."

"நீ நெனைக்கலியா?"

"அவரு பொய் சொன்னாரு. அண்ணந் தம்பிக்குள்ள சொன்னாரு." ஒரு காம்பை எடுத்து வேறாகப் போட்டாள். "'அவளா சொன்னா'ன்னு கேட்டாருல்ல உங்கப்பா. கேட்டவரு, 'ஆமா'ன்ன ஒடனே விட்டுட்டாரு பாரு. அத்தன வருசம் குடும்பம் நடத்துனவரு. நான் அப்புடியும் சொல்லுவேன்னு அவருக்கே தோணியிருக்கு, பாப்பா."

கை தடவித் தடவி அடுத்த ஈர்க்கைத் தேடியது. எடுத்துக் கொடுத்தேன்.